எட்டும் ஆறும்

நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இட்ட முதல் கட்டளை, கணக்குப் போடும்போது விரல்விட்டு எண்ணக் கூடாது என்பதுதான். என் ஆசிரியர்கள் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அதை ஒரு முறைகூட யோசித்துப் பார்க்காமல் நானும் சொன்னேன். சில வாரங்கள் கழித்து, கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் 8 + 5 என்ற கணக்கைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நான் அருகில் போய் நின்றபோது அவனுடைய விரல்கள் அங்கே ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் சட்டென்று கைகளை முன்னால் எடுத்து, சிலேட்டில் 12 என்று எழுதினான்.

அவன் கவனக்குறைவாக எழுதிவிட்டான் என்றே அன்று நினைத்தேன். மறுநாள் மனம் கேட்காமல், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "விரலை வச்சே எண்ணு தம்பி, எனக்குக் கேக்குற மாதிரி எண்ணு" என்றேன். அவன் சுண்டுவிரலை மடக்கி "எட்டு" என்றான். பிறகு ஒவ்வொரு விரலாக "ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு" என்று முடித்தான். ஐந்து விரல்கள், ஐந்து சொற்கள், எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன. எட்டுக்கு அடுத்ததிலிருந்து தொடங்க வேண்டியவன் எட்டிலிருந்தே தொடங்கியிருந்தான், அவ்வளவுதான். அவன் கையைப் பார்க்க நான் மறுத்திருந்தவரை அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வழியே இல்லை. விரலுக்கு விதித்த தடையை அன்றே நீக்கினேன்.

இப்படிச் சொல்வதால் மனப்பாடமே வேண்டாம் என்னும் கட்சியைச் சேர்ந்தவள் நான் என்று யாரும் எண்ண வேண்டாம். 38-ஐயும் 25-ஐயும் கூட்டும் பிள்ளை, எட்டும் ஐந்தும் எத்தனை என்பதற்கு விரல்களில் ஒரு பயணம் போய்த் திரும்புவதற்குள், பத்துகளின் இடத்திற்கு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைகள் பலருக்குக் கணக்கின் முறை தெரிந்தே இருக்கிறது. கைவசம் இருக்க வேண்டிய சின்னச் சின்ன விடைகள்தாம் இல்லை. அவை கேட்ட மாத்திரத்தில் நினைவிலிருந்து வர வேண்டும். எந்த வழியாக நினைவுக்குள் போகின்றன என்பதுதான் என் கவலை.

எங்கள் பள்ளியில் காலையில் வாய்பாட்டை ஒரே குரலில் சொல்லும் வழக்கம் உண்டு. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு" என்று அறுபது குரல்கள் சேர்ந்து எழும்போது அந்தச் சந்தத்தில் எனக்கும் ஈடுபாடு உண்டு. அதைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் தனியாகக் கூப்பிட்டு "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டால், பல பிள்ளைகள் உதடுகளை அசைத்து ஓரேழிலிருந்து தொடங்கி எட்டாம் படிவரை ஏறி வருகிறார்கள். அவர்கள் கற்றிருப்பது ஒரு வரிசைப் பாட்டு. அதிலிருந்து ஒரு மணியை மட்டும் தனியே கழற்றி எடுக்க அவர்களால் முடிவதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலைப் படித்தவர்கள் முந்திரி என்னும் 1/320 வரை கீழ்வாயிலக்கத்தை, அதாவது பின்னங்களை, ஒப்பித்தார்கள் என்றால், அந்த அளவுகள் நிலத்திலும் களத்திலும் அன்றாடம் புழங்கின. ஒப்பித்தது ஒப்பித்ததோடு நின்றுவிடவில்லை.

கூட்டலுக்கு நான் வேறு வழியைப் பிடித்தேன். 0 முதல் 9 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 100 கூட்டல்கள் வரும். இதைக் கேட்டால் பிள்ளைகளுக்கு மலைப்பாக இருக்கும். மூன்றும் ஐந்தும் சேர்ந்தாலும் ஐந்தும் மூன்றும் சேர்ந்தாலும் ஒன்றுதான் என்பது புரிந்தவுடன் அது 55 ஆகக் குறைகிறது. சுழியத்தைக் கூட்டுவதையும் ஒன்றைக் கூட்டுவதையும் எடுத்துவிட்டால் 36 எஞ்சும். இரட்டைகள் எட்டு: நாலும் நாலும், ஏழும் ஏழும் என்பவை பாட்டுப் போலவே வந்துவிடுகின்றன. பத்தாகும் ஜோடிகளில் மீதியுள்ளவை மூன்று. ஒன்பதோடு கூட்டுவதில் இன்னும் ஏழு போகும். இரட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களான ஆறும் ஏழும், ஏழும் எட்டும் போன்றவை ஆறு. இரண்டோடு கூட்டுபவை நான்கு. இவற்றையெல்லாம் கழித்த பிறகு கையில் நிற்பவை எட்டே எட்டு: 3 + 5, 3 + 6, 3 + 8, 4 + 7, 4 + 8, 5 + 7, 5 + 8, 6 + 8. இதை முதன்முதலில் ஒரு விடுமுறை நாளில் தாளில் எழுதிப் பார்த்தபோது, என் பிள்ளைகளின் தலையில் இத்தனை காலம் எவ்வளவு வீண் சுமையை ஏற்றியிருக்கிறேன் என்று வருந்தினேன்.

பத்தைத் தாண்டும் கணக்குகளுக்கு எனக்குக் கைகொடுத்தது சத்துணவுக்கு முட்டை வரும் அட்டை. 30 குழிகள் உள்ள அந்த அட்டையை மூன்றாக நறுக்கினால், வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசைகள் கொண்ட பத்துக் குழித் துண்டுகள் மூன்று கிடைக்கும். எட்டுக் குழிகளில் புளியங்கொட்டை போட்டுவிட்டு உள்ளங்கையில் ஐந்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். காலியாக இருக்கும் இரண்டு குழிகளும் நிரப்பச் சொல்லித் தாமாகவே அழைக்கும். இரண்டைப் போட்டதும் அட்டையில் பத்து, கையில் மூன்று. தமிழில் எண் கற்பவர்களுக்கு இங்கே ஒரு பேறு வாய்த்திருக்கிறது: பத்தும் மூன்றும் சேர்ந்தால் பதின்மூன்று; விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. (தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் பிள்ளைகளைக் குழப்பும். தொண்ணூற்றில் நூறு கேட்கிறதே என்று ஒரு குழந்தை கேட்டது நியாயமான கேள்விதான்.) கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்த அந்தச் சிறுவன், அட்டையோடு சில வாரங்கள் பழகிய பிறகு, ஒரு நாள் அட்டையைத் தொடாமல் பார்த்தபடியே விடை சொன்னான். பின்னர் பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

2022 ஜூனில் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, கொரோனா விடுப்பில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளியையே காணாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னதால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் புளியங்கொட்டையைக் கொடுக்க நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது எனக்குப் பெரிய விடுதலை.

பெருக்கலுக்கான பாதி வேலையை எங்கள் ஊரே செய்துவிடுகிறது. வீட்டில் மல்லிகை தொடுக்கும் பெண் குழந்தை, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்து முடிச்சுப் போடுகிறது. ஏழு முடிச்சுக்கு எத்தனை பூ என்று கேட்டால், நாலாம் வாய்பாட்டில் தயங்கி நின்ற அதே பெண் இருபத்தெட்டு என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். "பதினாறாம் வாய்பாடு வரைக்கும் சொல்றாளா டீச்சர்?" என்று கேட்கும் அம்மாக்களிடம் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன். பதினாறுக்கு அவசரம் இல்லை, முதலில் நாலு நன்றாக ஊறட்டும் என்பேன். எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஒரு நிமிடத்தில் எத்தனை விடை என்று கடிகாரத்தை வைத்துத் தேர்வு நடத்திய காலமும் உண்டு. மெதுவாக யோசிக்கும் பிள்ளைகள் அதில் யோசிப்பதை நிறுத்திவிட்டு ஊகிக்கத் தொடங்கியதைப் பார்த்து விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் 55 கட்டங்கள் கொண்ட முக்கோணத் தாள் ஒன்று தருகிறேன். எந்தக் கூட்டல் கேட்டவுடன் வருகிறதோ அந்தக் கட்டத்திற்கு அவர்களே வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காலாண்டு விடுமுறை முடிந்து வந்த சில நாட்களிலேயே 54 கட்டங்களை நிரப்பிவிட்டாள். எட்டும் ஆறும் மட்டும் வெள்ளையாக நின்றது. கேட்டேன், "பதினாலு" என்று சரியாகச் சொன்னாள். "அப்புறம் ஏன் கண்ணு கலர் அடிக்கலை?" என்றேன். "இன்னும் யோசிச்சாத்தான் டீச்சர் வருது" என்றாள். அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அடிக்கட்டும் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கட்டம் பொங்கல் விடுமுறை வரை வெள்ளையாகவே இருந்தது. விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், இறைவணக்கக் கூட்டம் கலைவதற்கு முன்பே, கையில் பச்சை வண்ணக்குச்சியோடு என்னைத் தேடி வந்தாள்.