செம்பனின் இடது கால்

ஏற்காடு, டிசம்பர் 6

பனி இறங்கியதிலிருந்து எங்கள் நாய் செம்பன் காலையில் எழுந்திருக்கத் தயங்குகிறான். நாலு எட்டு நடந்ததும் சரியாகிவிடுகிறது. எட்டு மாதக் குட்டியில் ஜீப்பில் அடிபட்டு, இடுப்பில் பொருந்தும் வலது தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்தார்கள். அங்கே இப்போது எலும்போடு எலும்பு சேரும் மூட்டு இல்லை. தழும்புத் திசுவும் தசையும்தான் தாங்குகின்றன. வயது ஏழு. வீட்டில் எல்லோர் கண்ணும் அந்தக் காலில்தான்.

டிசம்பர் 9

சேலத்துக்கு இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்காமல் வந்தான், பெரிய விஷயம். டாக்டர் அளவு நாடாவால் இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது மெலிந்திருக்கிறது. ஆனால் எக்ஸ்ரேயில் தகராறு இடது முழங்காலில்: தேய்மானம், ஓரங்களில் எலும்பு முளைகள். வலது காலின் பாரத்தையும் இத்தனை வருஷம் சுமந்தது அதுதானே. எடை 36 கிலோ, 31 ஆக வேண்டுமாம். மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதுவதற்கு முன் சிறுநீரகம், கல்லீரல் பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.

டிசம்பர் 10

மேஸ்திரி அண்ணன் தன் இடுப்புவலி மாத்திரையில் பாதியை நீட்டினார். "எனக்கே கேக்குது, நாய்க்குக் கேக்காதா?" ஐபுப்ரோஃபென். நாய்க்கு அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நல்ல மனுஷர், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 21

2002இல் வெளியான ஓர் ஆய்வை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 48 லாப்ரடார் நாய்கள். பாதிக்கு மட்டும் கால்பங்கு குறைந்த தீனி. அவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் எட்டிய வயது, 13 வருஷம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போயிருக்கிறது. செம்பனும் லாப்ரடார்தான். "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடச் சொல்றியா?" என்றார். எந்த மாத்திரையைவிடவும் இந்தத் தட்டுதான் முக்கியம் என்பது என் கட்சி.

ஜனவரி 4

வழுக்கும் மொசைக் தரையெங்கும் லீ பஜாரில் வாங்கிய சாக்கு. பந்து எறிவது நிறுத்தம். ஓடி வெடுக்கென்று திரும்புவதுதான் முழங்காலுக்கு எமன். பதிலாகத் தோட்டச் சரிவில், கயிற்றில் பிடித்து, மெதுவாக ஏற்றம். பின்னங்கால் தசைக்கு அதுதான் வேலை.

ஜனவரி 12

காப்பிப் பழம் நிறுக்கும் தராசில் ஏற்றினோம். 34.5. பழம் பறிக்கும் அக்காக்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, "இளைச்சே போயிட்டானே" என்று வருத்தப்பட்டார்கள்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து மறுபடி தராசு. 34.9. நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவே முந்திக்கொண்டு, "நான் ஒண்ணும் குடுக்கல" என்றார்.