எதிலிருந்து இறங்கி பஸ்ஸில் ஏறுவார்கள்?

காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு நகருக்குள் வந்து ஏறாவூர் வரை. வரைபடத்தில் இந்த ஒரு கோடுதான் இருந்தது. கல்முனை பஸ்கள் ஏற்கெனவே ஓடும் வீதிதான். ஆனால் நகரத்தவருக்கென்றே சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் சேவை புதிது. அது தொடங்கினால் காபன் வெளியேற்றம் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே மதிப்பிடும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது.

பஸ் வந்தால் புகை குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கு அவ்வளவு லேசாக ஒத்துக்கொள்ளாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு, டீசல் என்றால் 2.7 கிலோ. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் கிலோமீற்றருக்கு 50 கிராம் அளவில் வெளிவிடுகிறது. லீற்றருக்கு மூன்றரை கிலோமீற்றர் ஓடும் பஸ் 770 கிராம். ஒரு பஸ்ஸுக்குப் பதினைந்து மோட்டார் சைக்கிள்களாவது வீட்டில் நின்றால்தான் சரிக்குச் சரி. எங்களூரில் மோட்டார் சைக்கிளில் யார் தனியாகப் போகிறார்கள்? பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை. ஆகவே பதினைந்து வண்டி என்றால் முப்பது பேருக்கும் மேல். பள்ளிக்கூட நேரத்தில் அத்தனை பேரும் ஏறுவார்கள். பகல் பதினொரு மணிக்கு?

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் “புதிய பஸ்ஸில் பயணிப்பீர்களா?” என்ற கேள்வி மட்டும் இருந்தது. இப்போது எதில் போகிறீர்கள் என்பதையும் கேட்டாக வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்த்தோம். பாலத்தடியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்காவை மறித்தேன். சைக்கிள் ஹாண்டிலில் சாப்பாட்டுப் பை தொங்கியது.

“ஏன் ஏறமாட்டன் தங்கச்சி? இந்த வெயிலுக்குள்ள உழக்கிக் களைச்சுப் போறன்.”

அவரை மனதார ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் காபன் கணக்கில் அவரால் ஒரு கிராமும் குறையாது. சைக்கிள் புகைவிடுவதில்லையே. அடுத்து வந்தவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி கட்டியிருந்தார். “பெட்டிய பஸ்ஸில ஏத்த விடுவாங்களா மகள்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். குறையவேண்டிய புகை அவருடையது, அவரோ ஏறப்போவதில்லை.

எந்த நாளில் எண்ணுவது என்பதும் சில்லறை விஷயமல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடி வீதியே வேறு மாதிரி. மார்கழி மழையில் சைக்கிள்காரர்கள் பாதி காணாமல் போவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் அடிப்படை ஆண்டு, அதாவது பஸ் இல்லாத வழமையான நிலை என்று எந்த ஆண்டை வைத்து ஒப்பிடுவது என்பது. கைவசம் இருக்கிறது, 2022 தரவையே எடுங்கள் என்றார் ஒருவர். அந்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில், ஜூலையில் பங்கீட்டுக்குக் கியூஆர் எரிபொருள் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வீதிக்கு வந்த காலம். அதை வழமை என்று வைத்தால் பஸ்ஸால் மிச்சமாவது கொஞ்சம்தான். மாறாக, 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் திறந்துவிடப்பட்டதை வைத்து, இனி வண்டிகள் பெருகும் என்று அடிப்படைக் கோட்டை மேல்நோக்கி இழுத்தால் அதே பஸ் அள்ளிக் குறைப்பதாகத் தெரியும். திட்டத்தை விற்க விரும்புகிறவர் எந்தக் கோட்டைத் தேர்வார் என்று சொல்லத் தேவையில்லை.

கூட்டத்தில் “ஒரு நம்பர் சொல்லுங்க” என்றார்கள். நாங்கள் குறைப்பின் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் கொடுத்தோம். கீழ் எல்லையில் வெளியேற்றம் கூடியிருந்தது. அறையில் கொஞ்சம் முணுமுணுப்பு. தையல் அக்காவுக்குக் கிடைக்கும் ஆறுதலைக் காபனுக்குள் திணிக்காமல் தனி நிரலில் எழுதினோம். அது பஸ் விடப் போதுமான காரணம் என்பதே என் எண்ணம். பகலில் பெரிய பஸ்ஸுக்குப் பதில் மினி பஸ், கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்துக்குக் கட்டணம். கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று தெரிந்தே சேர்த்த இந்த இரண்டுக்கும் பிறகுதான் கீழ் எல்லையிலும் குறைப்பு பூச்சியத்தைத் தாண்டியது.