ஸ்டேட் கேட்டால் மெஷர் வருகிறது

ரஸ்ட் என்ற கணினி மொழியில் அணிகளோடு (மேட்ரிக்ஸ்) மல்லுக்கட்டுகிறவர்கள் பலர், கம்பைலர் தரும் பிழைச்செய்தி ஒரு பக்கத்துக்கு நீண்டதும் ஜெனரிக்கை, அதாவது அளவுக்கு எண்ணை எழுதாமல் பெயரை எழுதும் முறையை, தூக்கி எறிந்துவிட்டு 3, 2 என்று எண்களையே எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. செய்தி நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் உண்மையாகப் படிக்க வேண்டியது பெரும்பாலும் இரண்டு பெயர்கள் மட்டுமே. அந்த இரண்டையும் காட்டிக்கொடுப்பதே ஜெனரிக்தான்.

நாங்கள் செய்வது சிறிய டிரோன்களுக்கான உயரக் கணிப்பு. அடியில் ஓடுவது கால்மன் ஃபில்டர், அதாவது பிழை கலந்த அளவீடுகளிலிருந்து உண்மையான நிலையைக் கணிக்கும் முறை. 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட அதே கணக்கு. மைக்ரோகண்ட்ரோலரில் ஹீப் நினைவகத்தை (ஓடும்போது கேட்டு வாங்கும் இடம்) தொடுவதில்லை என்பது எங்கள் விதி. ஆகவே ஒவ்வோர் அணியின் அளவும் கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிட வேண்டும். நிலை என்பது மூன்று எண்கள்: உயரம், செங்குத்து வேகம், முடுக்கமானி எப்போதும் கூட்டிச் சொல்லும் பிழை. அளவீடு இரண்டு: காற்றழுத்தமானி ஒன்று, தரையைப் பார்த்துத் தூரம் சொல்லும் உணரி ஒன்று. இன்னொரு மாடலில் தூர உணரி கிடையாது; அங்கே அளவீடு ஒன்றுதான். இரண்டு மாடலுக்கும் ஒரே ஃபங்ஷன் வேண்டும் என்பதால் ஜெனரிக்.

வகைக்குள் (டைப்) அளவை வைப்பது புதிய யோசனை இல்லை. பாஸ்கல் என்ற பழைய கணினி மொழியில் அரேயின் அளவு அதன் வகையின் பகுதியாகவே இருந்தது. 10 உறுப்புகளுக்கு எழுதிய வரிசைப்படுத்தும் ஃபங்ஷனை 20 உறுப்புகளுக்குக் கூப்பிட முடியாது. கணினி அறிஞர் பிரையன் கெர்னிகன் 1981இல் பாஸ்கலைப் பற்றி எழுதிய புகார்ப் பட்டியலில் இதுவே முதன்மையானது. அளவைப் பூட்டியவர்கள் சாவியைக் கொடுக்கவில்லை. ரஸ்டில் அந்தச் சாவி, அதாவது எண்ணையே ஜெனரிக்காக எழுதும் வசதி, 2021 மார்ச்சில் 1.51 பதிப்போடு நிலைபெற்றது. அணிக் கணக்குக்கு நாங்கள் பயன்படுத்தும் என்-அல்ஜீப்ரா நூலகமும் விரைவிலேயே அதற்கு மாறியது.

முதல் வேலை, பெயர். பாடப்புத்தகப் பழக்கத்தில் எல்லாரும் ஒற்றை எழுத்தில் அளவுகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். நான் நிலையின் அளவுக்கு ஸ்டேட், அளவீட்டின் அளவுக்கு மெஷர் என்று முழுதாக எழுதச் சொல்வேன். நிலையை அளவீடாக மாற்றும் எச் அணி மெஷர்×ஸ்டேட். நிலையில் உள்ள சந்தேகத்தைச் சொல்லும் பி அணி ஸ்டேட்×ஸ்டேட். பி-யை எச்-இன் நிரை நிரல் மாற்றால் பெருக்க வேண்டிய இடத்தில் மாற்றை விட்டுவிட்டு வெறும் எச்-ஆல் பெருக்கினால், 0277 எண் பிழை வரும். மேலே ஷேப்கன்ஸ்ட்ரெயிண்ட், ஆர்மல்டிப்ளையபிள் என்று என்னென்னவோ ஓடும். அதையெல்லாம் தாண்டி டிம்ஈக்யூ (இரண்டு அளவுகளும் சமமா என்று கேட்பது) என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் கோண அடைப்புக்குள் ஸ்டேட், மெஷர் என்று இரண்டு பெயர்கள் அருகருகே நிற்கும். இடது அணியின் நிரல் எண்ணிக்கை ஸ்டேட், வலது அணியின் நிரை எண்ணிக்கை மெஷர், இரண்டும் சமமில்லை. அவ்வளவுதான் அந்த முழுப் பக்கத்தின் சாரம். பெருக்கல் சரியாக நடந்து, விடையை வைக்கும் இடத்தில் அளவு பொருந்தாவிட்டால் 0308 வரும். அது சுருக்கமானது, தானாகவே புரிந்துவிடும்.

புரியாத ரகம் வேறு. குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அக்கா, டைப்நம் என்ற பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. இது எங்கிருந்து வருகிறது?”

அளவீட்டுக் கணிப்பில் உள்ள சந்தேகத்தைச் சொல்லும் மெஷர்×மெஷர் அணியான எஸ்-க்கு நேர்மாறு காணும் முன் அதன் அணிக்கோவை பூச்சியமா என்று பார்த்திருந்தான். நல்ல எச்சரிக்கைதான். 2×2 என்று எண்ணை எழுதினால் கம்பைல் ஆகிறது. மெஷர் என்று எழுதினால், மெஷர் அளவுக்கு டுடைப்நம் பண்பு இல்லை என்று கம்பைலர் மறுக்கிறது. விஷயம் இதுதான்: பெரிய அணிகளின் அணிக்கோவை காண நூலகம் எல்யூ பிரிப்பை (அணியை இரண்டு முக்கோண அணிகளாக உடைப்பது) பயன்படுத்துகிறது. அந்தப் பிரிப்பு செவ்வக அணிக்கும் பொதுவானது என்பதால், இரண்டு அளவுகளில் எது சிறியது என்று வகை மட்டத்திலேயே கேட்கிறது. நிலையான ரஸ்டில் ஜெனரிக் எண்களை வைத்து அப்படிக் கணக்குப் போட முடியாது. அதனால் நூலகம் உள்ளுக்குள் இன்னமும் எண்களை வகைகளாகவே எழுதும் பழைய டைப்நம் நூலகத்தையே நம்பியிருக்கிறது. 2, 3, 4 என்று குறிப்பிட்ட எண்களுக்கு டைப்நம்முக்கு மாற்றும் அட்டவணை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மெஷர் என்ற தெரியாத எண்ணுக்கு அட்டவணையில் இடம் ஏது?

ஃபங்ஷனின் நிபந்தனைப் பகுதியில் டிம்மின் (இரண்டு அளவுகளில் சிறியதைக் கேட்பது) என்ற கட்டுப்பாட்டை எழுதினால் கம்பைலர் அடங்கிவிடும். ஆனால் அதைக் கூப்பிடும் ஒவ்வொரு ஜெனரிக் ஃபங்ஷனும் அதே வரியைச் சுமக்க வேண்டும். ஒரு வாரத்தில் கோப்பு முழுவதும் பரவிவிடும். நான் அணிக்கோவையையே நீக்கிவிடச் சொன்னேன். எஸ் சமச்சீர் அணி, நேர்ம நிலைப்பு (பாசிட்டிவ் டெஃபினிட்) உடையது. அதற்குச் சோலெஸ்கி பிரிப்புதான் பொருத்தம். பிரிக்க முடியாவிட்டால் ‘நன்’ (None), அதாவது விடை இல்லை, என்று திருப்பிவிடும், ஆகவே சோதனையும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. டிம்மின் கேட்பதில்லை. எண்கணிதப்படியும் இதுவே மேல். வகைப் பிழை ஒன்று நல்ல கணக்குக்கு வழி காட்டியது என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன், தற்செயல்தான்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, இரண்டு அளவீட்டு வெக்டர்களை ஒட்டி ஒன்றாக்குவது. விடையின் அளவு முதல்+இரண்டாம் என்று எழுதத்தான் கை போகும். ஜெனரிக் அளவுகளை மாறிலிக் கணக்கில் பயன்படுத்தக் கூடாது என்று கம்பைலர் நிறுத்திவிடும். சோதனைப் பதிப்பில் இதற்கு வசதி உண்டு. பறக்கும் பொருளில் அதை ஏற்ற எனக்குத் துணிவில்லை. மொத்தம் என்று மூன்றாவது ஜெனரிக் எண்ணைச் சேர்த்துக்கொண்டு, ஃபங்ஷனுக்குள் கம்பைல் ஆகும்போதே ஓடும் ஒரு கான்ஸ்ட் கட்டத்தில் மொத்தம் = முதல்+இரண்டாம் என்று அசர்ட் (பொய்யானால் நிறுத்திவிடும் சோதனை) போடுகிறோம். 1.79 பதிப்பிலிருந்து இது முடிகிறது. ஒரு சங்கடம்: இந்த அசர்ட் உண்மையான எண்கள் பொருத்தப்படும்போதுதான் ஓடுகிறது. முழுதாகக் கம்பைல் செய்யாமல் பிழை மட்டும் பார்க்கும் கார்கோ செக் கட்டளை பச்சைக்கொடி காட்டும். முழுதாகக் கம்பைல் செய்யும் கார்கோ பில்டில் உடையும். தானியங்கிச் சோதனையில் செக் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

சதுர அணிகளுக்கு வருகிறேன். ஜெனரிக்கை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணமே இவைதான். மூன்றாவது உணரி ஒன்று சேர்ந்தால் நிலையும் 3, அளவீடும் 3. எண்களாக எழுதியிருந்தால் எச்-க்கு மாற்று போட்டாலும் போடாவிட்டாலும் கம்பைலருக்கு எல்லாம் 3×3, வாயே திறக்காது. சி++இன் டெம்ப்ளேட்டிலும் அதே நிலைமை, ஏனெனில் அங்கே அளவுகள் எண்களாக மாறிய பிறகுதான் ஒப்பிடப்படுகின்றன. ரஸ்ட் ஜெனரிக் ஃபங்ஷனை எழுதிய இடத்திலேயே சோதிக்கிறது. நாளைக்கு இரண்டும் 3 ஆகலாம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஸ்டேட் வேறு, மெஷர் வேறு.

ஆனால் நிலையை அடுத்த கணத்துக்கு நகர்த்தும் எஃப் அணி எப்படியும் ஸ்டேட்×ஸ்டேட். எஃப்-ஐயும் அதன் மாற்றையும் இடம் மாற்றிப் போட்டால் எந்த வகையும் காப்பாற்றாது. பி-யை முன்னகர்த்தும் வரியில் இது நடந்தால் விடை சமச்சீராகவே இருக்கும், நேர்மமாகவே இருக்கும், டிரோனும் ஓரளவு பறக்கும். இதைப் பிடிக்க எண்ணைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கால இடைவெளி 0.5 நொடி. பி அணியில் உயரத்தின் மாறுபாடு மட்டும் 1, மற்றதெல்லாம் 0. எங்கே நிற்கிறோம் என்று தெரியாததால் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதில் சந்தேகம் வரக் கூடாது அல்லவா? ஆகவே நகர்த்திய பிறகும் வேகத்தின் மாறுபாடு 0 ஆகவே இருக்க வேண்டும். மாற்று இடம் மாறியிருந்தால் 0.25 என்று வரும்.

இந்தத் தலைகீழ் பெரும்பாலும் பெருக்கலில் நுழைவதில்லை, எஃப்-ஐ நிரப்பும் இடத்தில் நுழைகிறது. நூலகம் உறுப்புகளை நிரல் நிரலாக நினைவகத்தில் வைக்கிறது. அடுக்கு அரேயிலிருந்து மாற்றினாலும் உள் அரே ஒவ்வொன்றையும் நிரலாகவே எடுத்துக்கொள்கிறது. நாமோ தாளில் எழுதுவதுபோல் நிரை நிரையாகத் தட்டுகிறோம். அடுக்கு அரேயிலிருந்து வரும் செவ்வக அணி என்றால் வகை பொருந்தாமல் உடனே தெரிந்துவிடும். சதுரத்துக்கு எங்கள் குழுவில் நியூ அல்லது நிரைத் துண்டிலிருந்து நிரப்பும் ஃபங்ஷன் மட்டுமே அனுமதி, இரண்டும் நிரை வரிசையில் வாங்குபவை. மற்ற வழியில் நிரப்பியிருந்தால் மறுஆய்வில் திருப்பி அனுப்பிவிடுகிறேன், விடை சரியாக இருந்தாலும்.