லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால்

என் அண்ணனுக்கு பைபோலார், அதாவது மேனியா என்கிற அளவுமீறிய வேகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். எழுதட்டுமா என்று கேட்டேன், 'பேரைப் போடாத, மத்ததெல்லாம் எழுது' என்றான். சொந்தக்காரர்களிடம் இதை 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி வைத்திருக்கிறோம், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று அவர்களும் வருஷா வருஷம் ஜாதகம் கொண்டுவருகிறார்கள், அது தனிக்கதை.

காலையில் கோபம், சாயங்காலம் சிரிப்பு என்று இருப்பவரை எல்லாம் 'அவனுக்கு பைபோலார்டா' என்கிறார்கள். அது இல்லை இது. மேனியா என்றால் குறைந்தது ஒரு வாரம், நாள் முழுக்க, மனிதன் தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பான். இரண்டு மூன்று மணிநேரம் தூங்கினாலே போதும், களைப்பே தெரியாது. பேச்சு நிற்காது, காசு தண்ணீராய்ப் போகும். இதன் மிதமான வடிவம் ஹைப்போமேனியா, அது நான்கு நாள் இருந்தாலே கணக்கில் சேரும். அதுதான் ஆளை ஏமாற்றும், ஏனென்றால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும், 'பையன் இப்பதான் சுறுசுறுப்பா ஆயிருக்கான்' என்பார்கள். சந்தோஷமாக இருப்பவனை யார் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்? அப்புறம் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கும்போதுதான் போகிறோம், டாக்டர் பார்ப்பதும் அந்தப் பாதியை மட்டும்தான். வெறும் மனச்சோர்வு என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். அதனால் முதல்முறை போகும்போதே, கேட்காவிட்டாலும், அந்தத் தூங்காத 'நல்ல' நாட்களைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கூட ஒருவர் போவது நல்லது, ஏனென்றால் நோயாளிக்கு அது நோயாகவே ஞாபகம் இருக்காது.

அண்ணனுக்குக் கொடுப்பது லித்தியம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கம் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் 1949இல் இதைப் பற்றி எழுதினார். அவருடைய முதல் நோயாளி 51 வயதுக்காரர், வருஷக்கணக்காக மேனியாவில் இருந்தவர். லித்தியம் கொடுத்துச் சில மாதங்களில் தேறி வீட்டுக்கே போய்விட்டார். போனவர் மாத்திரையை நிறுத்தினார், நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தார்கள். 1950இல் லித்தியம் நச்சாகி இறந்துபோனார். ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறைவு. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு 12 மணிநேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு தப்பாகக் காட்டும். தைராய்டையும் கிட்னியையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை. லித்தியமும் ஒரு உப்புதான். உடம்பில் தண்ணீரும் சோடியமும் குறைந்தால் கிட்னி லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் வியர்த்துக் கொட்டுவது, வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், பிரஷர் என்று திடீரென உப்பைக் குறைப்பது, எல்லாமே அளவை ஏற்றும். அதைவிட மோசம் மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கும் வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் லித்தியத்தை ஏற்றிவிடும். எங்கள் வீட்டில் தலைவலி, காய்ச்சல் எதற்கும் பாராசிட்டமால் மட்டும்தான். கை லேசாக நடுங்குவது பலருக்கு இருக்கும், ஆனால் நடுக்கம் அதிகமாகி, வாந்தி, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் என்று வந்தால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எல்லோருக்கும் லித்தியம்தான் என்றில்லை. வால்ப்ரோயேட், குவெட்டியாபின், லாமோட்ரிஜின் என்று வேறு மருந்துகளும் உண்டு. வால்ப்ரோயேட் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும், ஆகவே குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் அதைப் பற்றிக் கேட்காமல் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

அண்ணனுக்கு இன்னும் ஒரு குறை உண்டு: அந்தப் பறக்கிற நாட்கள் போய்விட்டன என்று. நான் வாதாடுவதில்லை, அவன் இழந்தது அவனுக்குத்தான் தெரியும். ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி மெதுவாகக் குறைக்கலாம், சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். லித்தியம் தற்கொலை அபாயத்தையும் குறைக்கிறது, அதை அவனிடம் சொன்னதில்லை, அம்மாவிடம் சொன்னேன்.

மாத்திரை விலை அதிகமில்லை, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கிடைக்கும். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, 14416, தமிழிலேயே பேசலாம்.