யாரும் கேட்காமல் வரைந்த ஓவியங்களுக்கு ஒரு புத்தகம்

நாவல் அட்டைகளுக்கும் சீட்டு விளையாட்டுகளுக்கும் டிராகன்களையும் சூனியக்காரிகளையும் வரைந்து கொடுப்பது என் தொழில். அந்த ஓவியங்களில் பெரும்பாலானவற்றின் உரிமை என்னிடம் இல்லை. ஒப்பந்தப்படி அவை வரையச் சொன்ன நிறுவனத்துக்கே சொந்தம். எனக்கென்று மிஞ்சியவை, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் யாரும் கேட்காமல் வரைந்தவை. பறவை எலும்புகளால் கட்டிய நகரம், தன் நிழலை ஏலம் விட வந்த ராட்சதன், வேரோடு எழுந்து வலசை போகும் காடு. இவற்றை ஒரே நூலாகக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

பதிப்பகங்கள் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. முழு வண்ணத்தில் அச்சாகும் ஓவியத் தொகுப்புக்குச் செலவு அதிகம். பின்னணியில் ஒரு கதையோ திரைப்படமோ இல்லாத தனி ஓவியரின் தொகுப்பை எத்தனை பேர் வாங்குவார்கள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாங்குகிறவர்களையே முதலில் கேட்டுவிடலாம் என்று, பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்ட உதவும் கூட்டுநிதி இணையதளத்துக்குப் போனேன். நூல் அச்சாகிக் கேட்டவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதே வழியில் இறங்க நினைக்கும் ஓவியர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

கூட்டுநிதியை உதவி கேட்பதாக நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அது முன்விற்பனை. பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1827 முதல் 1838 வரை தன் ஓவியங்களை இப்படித்தான் வெளியிட்டார். சந்தாதாரர்களை நேரில் தேடிப் போய்ச் சேர்த்தார். ஐந்தைந்து படங்களாக அனுப்பி 435 படங்களையும் முடித்தார். 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்திலும் அடிப்படை அதுவே. அங்கே இலக்குத் தொகையை எட்டினால்தான் ஆதரவாளர்களின் வங்கி அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும். எட்டாவிட்டால் ஒருவருக்கும் ஒரு காசு செலவில்லை. சேர்ந்த மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடும் தளங்களும் உண்டு. புத்தகத்துக்கு அந்த முறை ஆகாது என்பது என் உறுதியான கருத்து. பாதிப் பணத்தில் பாதிப் புத்தகத்தை அச்சிட முடியாது. கொடுத்த வாக்கு மட்டும் முழுதாக நம் தலையில் இருக்கும்.

முதல் வேலை படங்களைப் பிரிப்பது. நிறுவனத்துக்காக வரைந்தவை, அவற்றின் முன்வரைவுகள் உட்பட, எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. பிறர் படைத்த பாத்திரங்களை விருப்பத்துக்காக வரைந்த படங்களும் அப்படியே. இணையத்தில் போட்டு மகிழ்வது வேறு, விலை வைத்து விற்பது வேறு. இப்படிச் சலித்தெடுத்ததில் மனதுக்குப் பிடித்த சில படங்கள் வெளியே போயின. மிஞ்சியவை எல்லாம் என் சொந்த உலகத்தைச் சேர்ந்தவையாக இருந்ததால் தொகுப்புக்குத் தானாகவே ஓர் ஒருமை வந்துவிட்டது.

அடுத்து அளவு. ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் நிரப்ப 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வெட்டுக்காக ஓரங்களில் விடும் 3 மில்லிமீட்டரையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். பழைய டிஜிட்டல் ஓவியங்கள் சில இதற்குப் போதவில்லை. மென்பொருளால் அவற்றை இழுத்துப் பெரிதாக்க எனக்கு மனம் வரவில்லை. தூரிகைக் கோடுகள் மெழுகுபோல் வழுவழுத்துவிடுகின்றன. அவற்றைச் சிறிய அளவில் வைத்து, பக்கத்தில் பென்சில் முன்வரைவுகளைச் சேர்த்தேன். அந்தப் பக்கங்களைத்தான் வாசகர்கள் இப்போது அதிகம் பேசுகிறார்கள். எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு வேறு சிக்கல். வார்னிஷ் பூச்சில் விளக்கு பட்டுப் பளபளக்கும். விளக்குகளின் முன்னும் கேமரா லென்ஸின் முன்னும் போலரைசர் வடிகட்டிகளைக் குறுக்காக வைத்துப் படம் எடுத்தால் அந்தப் பளபளப்பு மறைந்துவிடும். தங்கப் பொடி கலந்த வண்ணத்துக்கு மட்டும் எந்த வழியும் பலிக்கவில்லை. அச்சில் அது மங்கிய மஞ்சளாகவே வரும். அப்படி ஓர் ஓவியத்தை விட்டுவிட நேர்ந்தது.

பக்க எண்ணிக்கையை ஆசைப்படி வைக்க முடியாது. ஆஃப்செட் அச்சில் பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அச்சிட்டு மடிக்கிறார்கள். பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம். ஆகவே 128 பக்கம் என்றால் எட்டுப் பாரம், எதுவும் வீணில்லை. 130 என்றால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரத்தைத் தொட வேண்டும். நான் 128இல் நிறுத்திக்கொண்டேன். கெட்டி அட்டை, தையல் கட்டு. ஓவியத் தொகுப்பை மேசையில் விரித்தால் அது தட்டையாகக் கிடக்க வேண்டும். வெறும் பசைக் கட்டு அதற்கு இடம் கொடுக்காது; வலுவில் விரித்தால் முதுகு உடைந்து தாள்கள் கழன்று வரும்.

விலைப்புள்ளி வாங்கும்போது எடையையும் கணக்கிட்டுவிட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஏ4 அளவில் 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம்) தாள் ஒன்று ஏறக்குறைய 10.6 கிராம். 128 பக்கத்துக்கு 64 தாள், ஆக உள்பக்கங்கள் மட்டுமே 680 கிராமை ஒட்டி வரும். கெட்டி அட்டை, மேலுறை, பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். வெளிநாட்டு ஆதரவாளருக்கு அஞ்சல் செலவு அச்சுச் செலவைவிடக் கூடுதலாக வருவது சாதாரணம். அதனால் அஞ்சல் கட்டணத்தைப் புத்தக விலையோடு சேர்க்கவில்லை. அச்சு முடிந்து, பெட்டியில் வைத்து நிறுத்துப் பார்த்த பிறகு தனியாக வாங்கப்படும் என்று முதல் நாளே பக்கத்தில் எழுதிவிட்டேன். நாடுவாரியாக ஒரு மதிப்பீட்டையும் கீழே கொடுத்திருந்தேன். ஒருவர்கூட இதற்குக் கோபப்படவில்லை.

இலக்குத் தொகை எப்படி வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். ஆஃப்செட்டில் அச்சுத்தகடு செய்வதும் இயந்திரத்தை ஓட்டத் தயார் செய்வதும் நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. எண்ணிக்கை கூடக் கூடப் பிரதி ஒன்றின் அடக்கவிலை இறங்கும். எந்த எண்ணிக்கையில் அடக்கவிலை ஒரு வாசகர் மனமுவந்து தரக்கூடிய விலைக்குள் வருகிறதோ அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டேன். அதன் அச்சுக் கூலி, மெய்ப்புச் (மாதிரி அச்சு) செலவு, பெட்டிகள், வரி ஆகியவற்றைக் கூட்டினேன். மேலே தளத்தின் பங்கு: கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கிறது, அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம் தனி. முடிவு நாளில் சிலருடைய அட்டை வேலை செய்யாமல் போகும் என்பதையும் சேர்த்தேன். சேதமாகி மீண்டும் அனுப்ப வேண்டிய பிரதிகளுக்கும் ஒதுக்கினேன். வந்த எண் என்னவோ அதுவே இலக்கு. இலக்கைக் குறைத்து வைத்தால் சீக்கிரம் எட்டிவிடும், அதைப் பார்த்துக் கூட்டம் சேரும் என்று பல நண்பர்கள் சொன்னார்கள். கூட்டம் சேரலாம். சேராமல் குறைந்த இலக்கிலேயே நின்றுவிட்டால் மீதியை யார் கொடுப்பது?

தளத்தில் நிதி திரட்டும் பிரசாரம் தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் முன்னறிவிப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து வைக்கலாம். விருப்பமுள்ளவர்கள் தொடங்கும் நாளில் தகவல் வரும்படி பதிந்துகொள்வார்கள். அந்தப் பக்கத்தையும் என் மின்னஞ்சல் பட்டியலையும் வளர்ப்பதிலேயே கவனம் வைத்தேன். வாரம் ஒரு படம், அதன் கதை, அது முதலில் எப்படித் தப்பாக இருந்தது, எங்கே திருந்தியது. சமூக ஊடகத்தில் விருப்பக்குறி இடுகிறவர் அன்றைக்கே மறந்துவிடுவார். முகவரி கொடுத்தவர் காத்திருப்பார். காணொளியில் பின்னணி இசை, எழுத்து வித்தை எதுவும் வைக்கவில்லை. கையும் காகிதமும் என் குரலும் மட்டும். செயற்கை நுண்ணறிவு பயன்பட்டிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 முதல் அந்தத் தளத்தில் விதி இருக்கிறது. நான் பயன்படுத்தவில்லை. ஆனாலும் முன்வரைவிலிருந்து முடிந்த ஓவியம் வரை படிகளைக் காட்டும் படங்களைப் பக்கத்தில் வைத்தேன். இன்று ஓவியரை நம்பி முன்பணம் கட்டுகிறவருக்கு அது உரிய மரியாதை.

பிரசார நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடக்கத்தில் ஏறும், நடுவில் படுத்துவிடும், கடைசியில் மறுபடி ஏறும். பெரும்பாலான பிரசாரங்களின் போக்கு இதுதான். முடிவுக்கு 48 மணி நேரம் இருக்கும்போது, பக்கத்தைக் குறித்து வைத்தவர்களுக்குத் தளமே நினைவூட்டல் அனுப்புகிறது. நடுவில் வரும் மந்தத்தைக் கண்டு மிரண்டு புதிய பரிசுகளை அறிவிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தொகை இன்னும் கூடினால் ஒட்டுப்படங்கள், இன்னும் கூடினால் உலோகச் சின்னம், துணிப்பை என்று அடுக்குவார்கள். நான் ஒன்றைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சின்னப் பொருளுக்கும் தனி உற்பத்தியாளர், தனிக் காலதாமதம், தனி எடை. புத்தகம் தயாராகிச் சின்னத்துக்காகக் காத்துக்கிடக்கும் நிலை வரும். தொகை கூடினால் தாளின் தரம் கூடும், முதுகுத் துணி நன்றாக வரும் என்று மட்டும் சொன்னேன். கூடியது, இரண்டும் நடந்தன.

இலக்கை எட்டிய பிறகு தொடங்கியது நிஜமான போராட்டம். அது நிறத்தோடு.

மிகுபுனைவு ஓவியத்தின் உயிர் ஒளியில் இருக்கிறது. மந்திரக்கோலின் நுனியில் எரியும் ஊதா, பேயின் உடலுக்குள் தெரியும் மின்னல் நீலம், நஞ்சுக் குளத்தின் பச்சை. திரை தானே ஒளி விடுவதால் அவை அங்கே பளீரென்று நிற்கும். காகிதம் ஒளி விடாது. மேலே விழுந்ததைத் திருப்பித்தான் தரும். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் எட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்கு வெளியேதான் அந்த ஊதாவும் நீலமும் பச்சையும் இருக்கின்றன. எந்தப் படத்துக்காக ஒருவர் புத்தகத்தை வாங்குகிறாரோ அந்தப் படமே அச்சில் முதலில் சாகும்.

அச்சகத்திடம் அவர்கள் இயந்திரத்துக்கும் தாளுக்கும் உரிய ஐசிசி நிற விவரக் கோப்பு ஒன்றை வாங்கி, திரையிலேயே மாற்றத்தைப் பார்த்தேன். பிறகு அதே தாளில் அச்சு மெய்ப்பு கேட்டேன். வலசை போகும் காட்டின் மெய்ப்பை பகலொளியை ஒத்த 5000 கெல்வின் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. வேர்களின் இடுக்கில் ஒளிரும் ஊதாக் காளான்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன. கீழே இருட்டில் பத்துப் பன்னிரண்டு வேர்களைத் தனித்தனியாக வரைந்திருந்தேன்; எல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாகிவிட்டன. அச்சக மேற்பார்வையாளர் விரலை அந்த இருட்டின் மேல் வைத்து, "நான்கு மையும் இங்கே மிதமிஞ்சி விழுகிறது. மொத்தம் 300 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள், வேர் தெரியும்" என்றார். ஒவ்வொரு மையும் 100 சதவீதம் வரை விழலாம் என்பதால் நான்கும் சேர்ந்தால் 400 வரை போகும். ஊதாவைப் பற்றிக் கேட்டேன். "அதைக் கூட்ட முடியாது, சுற்றி இருப்பதைக் குறையுங்கள்" என்றார்.

அவர் சொன்னது ஓவியப் பாடம். வீட்டுக்கு வந்து காளான்களைத் தொடவே இல்லை. சுற்றியிருந்த பாசியின் பச்சையை மங்கிய பழுப்புக்கு இறக்கினேன். வானத்தில் இருந்த இளஞ்சிவப்பை எடுத்துவிட்டேன். நிழல்களில் மூன்று வண்ண மைகளையும் குறைத்து, இருட்டைப் பெரும்பாலும் கறுப்பு மையே தாங்கும்படி செய்தேன். வேர்களின் மேல்விளிம்பை ஒரு படி வெளுத்தேன். அடுத்த மெய்ப்பில் காளான்கள் எரிந்தன. அளந்து பார்த்தால் அந்த ஊதா முன்பைவிடச் செறிவானதில்லை. பக்கத்தில் போட்டி இல்லாததால் கண் அதை ஒளியாக எடுத்துக்கொள்கிறது. இதே முறையில் ஒவ்வொரு படத்தையும் அச்சுக்காக மறுபடி சரிசெய்தேன். ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது அந்த நான்கு மை முறைக்கு, மாற்றுகிறவர்கள் தங்கள் உழைப்பின் மேல் தாங்களே சாம்பல் தூவுகிறார்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அட்டவணையில் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

இந்த வேலை நீண்டதால் அறிவித்த மாதம் தள்ளிப்போனது. அதை மறைக்கவில்லை. முதல் மெய்ப்பையும் திருந்திய மெய்ப்பையும் அருகருகே படமெடுத்து ஆதரவாளர்களுக்கு அனுப்பினேன். "அவசரப்படாதீர்கள்" என்று எத்தனையோ பதில்கள் வந்தன. சொல்வதற்குப் பெரிய செய்தி இல்லாத மாதங்களிலும் தவறாமல் ஒரு கடிதம் எழுதினேன். முன்பணம் கட்டியவரைக் கலங்க வைப்பது தாமதத்தைவிட மௌனம்தான்.

அனுப்பும்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கிலோவையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. பெட்டி பெரிதானால் காற்றுக்கும் காசு. புத்தகத்தை ஒட்டியே பெட்டியைச் செய்தாலோ, கீழே விழும்போது அட்டையின் மூலை நசுங்கிவிடும். நான்கு மூலைக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, நடுவில் அசையாமல் பிடிக்கும் அட்டைப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியும் சில பிரதிகள் நசுங்கிப் போய்ச் சேர்ந்தன. படம் அனுப்பியவர்களுக்கு வேறு கேள்வி கேட்காமல் மாற்றுப் பிரதி போனது. அதற்குத்தான் முன்பே ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஒதுக்கியதில் மிஞ்சிய பிரதிகளை இப்போது நேரடியாக விற்கிறேன். ஆதரவாளர்கள் கொடுத்ததைவிடச் சற்றே கூடுதல் விலை. தள்ளுபடி தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகம் வெறும் கோப்பாக இருந்தபோது பணம் கட்டியவரைவிட, அச்சான பிறகு புரட்டிப் பார்த்து வாங்குகிறவர் குறைவாகக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நிழலை ஏலம் விட வந்த ராட்சதனை அட்டையில் போட்டிருக்கிறேன். அடுத்த தொகுப்புக்கு அவன் ஊரையே வரையத் தொடங்கிவிட்டேன்.