மூன்றாக வெட்டிய தெரு

2017 கடைசியில் உள்ளாட்சி வார்டு மறுவரையறை வேலை வந்தபோது, நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளர். கணக்கு எளிது என்றே நினைத்தேன். 2011 மக்கள்தொகையை வார்டு எண்ணிக்கையால் வகுத்து, அந்த அளவுக்கு வருமாறு வீடுகளைச் சேர்க்க வேண்டும். ஓர் ஊராட்சியில் 2,700 பேர், 9 வார்டுகள்; வார்டுக்கு 300. வடக்கிலிருந்து கதவிலக்க வரிசையில் பென்சில் கோடு போட்டு, இரவு எட்டு மணிக்குள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வரைவை ஒட்டிய மூன்றாம் நாள் மசூதித் தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "வாருங்கள் பாய், உட்காருங்கள்" என்றேன். உட்காரவில்லை. வீட்டில் உருது பேசுகிறவர். மனுவைப் பேரன் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தான். வரைபடத்தில் அவர் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"தம்பி, எங்கள் தெருவில் 310 பேர். நாலாம் வார்டில் நூறு, ஐந்தில் நூறு, ஆறில் மிச்சம் என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே வார்டாக இருந்தால் எங்களில் ஒருவர் உறுப்பினர். இப்போது குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போவது?"

சத்தியமாக எனக்கு யார் மீதும் வன்மம் இல்லை. தெரு கிழமேற்காக ஓடுகிறது. என் கோடு இரண்டு சந்துகளின் வழியே தெற்கே இறங்கியது. அவ்வளவுதான். ஆனால் வேண்டுமென்றே செய்திருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக வெட்டியிருக்க முடியாது.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு உண்டு. கோடு கோணலாகப் போனாலும் அது ஓரளவு தாங்கும். (அதிலும் யார் வெல்வது என்பதை எல்லோரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள், தனி வாக்காளர் தொகுதிக்குப் பதில் ஒதுக்கீட்டு இடங்கள் என்று முடிவான 1932 பூனா ஒப்பந்தம் தொட்டு.) மதச் சிறுபான்மையினருக்கு அந்தத் தாங்கலும் இல்லை. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சில தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை 2006இல், முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு சுட்டிக்காட்டியது. அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைத்தவன்தான் நான்.

2008இல் சட்டமன்றத் தொகுதிகளை மாற்றியபோதும் அப்படித்தான். காவேரிப்பட்டணம் போய் வேப்பனஹள்ளி வந்தது. தர்மபுரிப் பக்கம் மொரப்பூர் போய் பாப்பிரெட்டிப்பட்டி வந்தது. எந்தக் கட்சிக்கு லாபம் என்று அலுவலகத்தில் மாதக்கணக்கில் பேசினோம். எந்த ஊர் மக்கள் எந்தப் பக்கம் தனித்துப் போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலை ரப்பரை எடுத்தேன். மசூதித் தெரு முழுவதும் ஐந்தாம் வார்டு. அப்படியானால் அங்கே ஏற்கெனவே இருந்த மேட்டுத் தெருவின் 190 பேரை இரண்டாகப் பிரித்து நாலுக்கும் ஆறுக்கும் அனுப்ப வேண்டும். அவர்களுக்கு நட்டமில்லை, இரண்டு வார்டிலும் அவர்களுடைய பங்காளிகளும் மாமன் மச்சான்களும்தான் பெரும்பான்மை. அப்படியே திருத்தி மேலே அனுப்பப் பரிந்துரை எழுதினேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மேட்டுத் தெருவிலிருந்து ஐந்து பேர் மனுவோடு வந்து நின்றார்கள். "சார், எங்கள் தெருவை எதற்கு வெட்டினீர்கள்?" இரண்டு வெட்டும் ஒன்றல்ல என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே எந்தச் சொல்லில் சொல்வது? பதிவேட்டில் மனுவுக்கு எண் போட்டு, ரசீது கிழித்துக் கொடுத்தேன்.