பந்தைப் பாரடா

விடுதிப் பொடியள் எங்களுக்கு ஒரே ஒரு தோல் உதைபந்துதான். ஆட்டம் முடிந்ததும் நாடாவை அவிழ்த்து, உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையை, பிளாடரை, வெளியே எடுத்து ஒட்டுப்போட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து, திரும்ப இறுக்கிக் கட்டுவது என் வேலை. அந்த முடிச்சு நெற்றியில் பட்டால் இரண்டு நாளைக்கு வீங்கி நிற்கும்.

ஒருமுறை வெளியூர் மைதானத்தில் கோட்டோரம் நின்றவர்கள் என்னை "அநாதை, அநாதை" என்று கத்தத் தொடங்கினார்கள். எனக்குக் கால் ஓடவில்லை. மாஸ்டர் வேலியோரம் நின்று, "சனத்தைப் பாக்காதை, பந்தைப் பாரடா!" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நேரம் ஆடினேன்.

நான் வசிக்கும் இங்கிலாந்தின் நோர்த்தாம்டனில், சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்தில், 1999 இல் வோல்டர் டல் என்ற உதைபந்தாட்டக்காரருக்கு நினைவுக்கல் திறந்தார்கள். அதுவரை கேள்விப்படாத பெயர். அவரைப்பற்றி வாசிக்க வாசிக்க விடுதிதான் ஞாபகம் வந்தது.

1888 இல் ஃபோக்ஸ்டனில் பிறந்தவர். தகப்பன் பார்படோஸிலிருந்து வந்த தச்சர், தாய் ஆங்கிலேயப் பெண். ஒன்பது வயதுக்குள் இருவரையும் இழந்து, அண்ணன் எட்வேர்டோடு லண்டன் பெத்னல் கிறீனில் மெதடிஸ்த சபையின் அநாதை இல்லத்துக்கு வந்தார். பிறகு அண்ணனைக் கிளாஸ்கோக் குடும்பமொன்று தத்தெடுத்துக்கொண்டு போனது. தம்பி தனித்துப்போனார். அந்தப் பிரிவை விடுதியில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கிளாப்டன் அணியில் ஆடியவரை 1909 இல் டொட்டன்ஹாம் சேர்த்துக்கொண்டது. சம்பளம் கிழமைக்கு 4 பவுண், அந்நாளில் அதுதான் உச்சவரம்பு. ஒக்டோபரில் பிரிஸ்டலில் நடந்த ஆட்டத்தில் பார்வையாளரில் ஒரு பகுதியினர் அவருடைய நிறத்தைச் சொல்லிக் கேவலமாக ஏசினார்கள். அன்றைய முன்வரிசைக்காரரில் சிறந்தவர் டல்தான் என்று பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார். அப்படியிருந்தும் கொஞ்ச நாளில் அவரை ரிசேர்வ் அணிக்கு இறக்கிவிட்டார்கள். டொட்டன்ஹாமுக்காக லீக்கில் மொத்தம் 10 ஆட்டம், 2 கோல். அந்த ஏச்சுக்கும் இந்த இறக்கத்துக்கும் தொடர்பில்லை என்று என் மனம் ஒப்பவில்லை.

1911 இல் நோர்த்தாம்டன் அணிக்கு அவரை எடுத்தவர் ஹேர்பேட் சப்மன், பின்னாளில் ஆர்சனலை உயர்த்திய அதே மனேஜர். முன்வரிசைக்காரரை நடுவரிசைக்கு, ஹாஃப் இடத்துக்கு, மாற்றினார். அங்கேதான் டல் தன் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். 111 ஆட்டங்கள் ஆடினார். வாய்த்தால் இப்படி ஒரு மாஸ்டர் வாய்க்கவேண்டும்.

முதலாம் உலகப் போர் தொடங்கியிருந்த 1914 டிசெம்பரில் உதைபந்தாட்டக்காரருக்கென அமைத்த மிடில்செக்ஸ் 17 ஆவது பட்டாளத்தில் சேர்ந்தார். கறுப்பினத்தவர் அதிகாரியாவதற்கு இராணுவ விதிநூல் இடம்கொடுக்காத காலம். அப்படியிருந்தும் 1917 மே மாதம் செக்கண்ட் லெப்டினன்ட் என்ற அதிகாரி ஆனார். 1918 மார்ச் 25, பிரான்ஸில் ஃபவ்ரேயி அருகே சூடுபட்டு விழுந்தார். லெஸ்டர் அணியின் முன்னாள் கோல்காப்பாளர் டொம் பில்லிங்ஹாம், சிப்பாயாக அதே களத்தில் நின்றவர், அவரை இழுத்துவரப் பார்த்தார். முடியவில்லை. வயது 29. கல்லறை கிடையாது, அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும்.

போன வருடம் மகன் என்னை அராஸுக்குக் காரில் கூட்டிப்போனான். அடுக்கடுக்கான பெயர்களுக்குள் அவரைத் தேடிப்பிடித்து நின்றபோது, இந்தக் கதையைக் கேட்க மாஸ்டர் இல்லையே என்றிருந்தது.